பிளாவும் ஒரே மணலும்: நல்ல தவறணை எப்படி இருக்கும்?

ஒவ்வொரு வருடமும் நல்லூர்த் திருவிழாக் காலத்தில் லண்டனிலிருந்து என் மச்சான் வருவான். வந்த மறுநாளே என் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறிக்கொண்டு அவன் கேட்கும் முதல் கேள்வி, "எங்கையடா இப்ப நல்ல தவறணை இருக்கு?" என்பதுதான். அங்கே கோடை வந்துவிட்டால் பப்புகளின் பின்வளவில் மர மேசைகளைப் போட்டுவிடுவார்களாம். வேலை முடிந்து வருகிறவர்கள் மாலை வெயிலில் இருந்து பியர் குடிப்பார்கள். மனைவி பிள்ளைகளும் கூட வருவார்கள். நாய் மேசைக்குக் கீழே படுத்திருக்கும். "ஆனா அங்க இருந்து குடிக்கேக்க எனக்கு எங்கட பனங்கூடல்தான் ஞாபகம் வாறது" என்பான்.

ஒரு காலத்தில் அவனுடைய கேள்விக்குக் கையை நீட்டித் திசை காட்டினால் போதும். இப்போது கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. நான் ஒரு சீவல் தொழிலாளியின் மகன். ஐயா பதினான்கு வயதில் மரமேறத் தொடங்கியவர். நான் ஒருநாளும் ஏறவில்லை, அவர் ஏறவும் விடவில்லை. அதனால் கள்ளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மரத்தின் கீழே நின்று தெரிந்துகொண்டதுதான்.

முதலில் மச்சானுக்கு நான் சொல்வது, நீ வருகிற மாதம் பிழை என்பது. பனை தை, மாசியில் பாளை தள்ளத் தொடங்கும். ஆடியோடு பனங்கள் அநேகமாக முடிந்துவிடும். ஆண்பனை, பெண்பனை இரண்டிலும் சீவலாம். ஆண்பனை முந்தும், பெண்பனை பிந்தும். நல்லூர்த் தேர் இழுக்கும் நாட்களில் தவறணையில் கிடைப்பது பெரும்பாலும் தென்னங்கள்தான். அந்த நாட்களில் யாராவது பரல் பரலாகப் பனங்கள் என்று விற்றால் சந்தேகப்பட வேண்டும். சீனியைக் கரைத்து ஈஸ்ற்றைப் போட்டுப் புளிக்க வைத்ததைக் கள்ளு என்று விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அது எந்த நாளும் ஒரே இனிப்பாக இருக்கும். மரத்துக் கள்ளு ஒருநாளைப்போல மறுநாள் இருக்காது.

கள்ளு எப்படி உண்டாகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் நல்ல தவறணை எது என்பதும் பாதி விளங்கிவிடும். பாளையைத் தட்டிப் பதப்படுத்தி, நாரால் இறுகக் கட்டி, நுனியை மெல்லிய சீவலாகச் சீவுவார்கள். காலையும் மாலையும் சீவ வேண்டும். ஒருநாள் தவறினால் வெட்டு வாய் காய்ந்து அடைத்துவிடும். அதனால் சீவல்காரருக்குக் காய்ச்சலும் கிடையாது, நல்லநாள் பெருநாளும் கிடையாது. சீவிய வாயிலிருந்து சொட்டுகிற சாற்றில் 100 மில்லிலீற்றருக்கு 10 கிராமுக்கு மேல் சீனி இருக்கும். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசியிருந்தால் அது புளிக்காமல் கருப்பநீராக இறங்கும். பனங்கட்டி காய்ச்சுவது அதிலிருந்துதான். சுண்ணாம்பு இல்லாவிட்டால் காற்றிலும் பழைய முட்டியின் மண்டியிலும் இருக்கிற நொதி அந்தச் சீனியைத் தின்னத் தொடங்கிவிடும். ஆகவே கள்ளு புளிக்கத் தொடங்குவது தவறணையில் இல்லை, மர உச்சியிலேயே. முட்டியை இறக்கும்போதே அது நுரைத்துக்கொண்டுதான் வரும்.

இறக்கிய சில மணி நேரத்தில் அதில் மதுசாரம் 4 முதல் 6 சதவீதம் வரை ஏறிவிடும். அது அநேகமாக ஒரு பியரின் அளவு. சாராயம் 33 சதவீதத்துக்கு மேல். ஆனால் கள்ளு அந்த நிலையிலே நின்றுவிடாது. வேறு நுண்ணுயிர்கள் வந்து மதுசாரத்தைப் புளிப்பாக்கத் தொடங்கும். அடுத்தநாள் அது வினாகிரியின் பக்கம் போய்விடும். போத்தலில் அடைத்து நாட்கணக்கில் வைப்பதென்றால் சூடாக்கிப் பதப்படுத்த வேண்டும். அப்போது பழுதாகாது, ஆனால் மரத்தின் வாசம் போய்விடும். ஐயா போத்தல் கள்ளை ஒருதரம் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது பெட்டியில வச்ச பூ மாதிரி" என்றார்.

ஆக, நல்ல தவறணைக்கு முதல் அடையாளம் மரத்துக்கும் வாய்க்கும் இடையிலான தூரம். பனங்கூடலின் நடுவிலோ ஓரத்திலோ அது இருக்க வேண்டும். முகாமையாளரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்றுதான்: "அண்ணை, இது எத்தனை மணிக்கு இறக்கினது?" நல்ல தவறணையில் மணித்தியாலத்தைச் சொல்வார்கள். சில இடங்களில் எந்த ஆளுடைய கள்ளு என்றும் சொல்வார்கள். இன்னும் கொஞ்சம் செல்வாக்கு இருந்தால் ஒற்றைப்பனைக் கள்ளு கேட்டு வாங்கலாம். பல மரத்துக் கள்ளைப் பரலில் ஒன்றாகக் கலக்காமல் ஒரே மரத்தின் முட்டியைத் தனியாகக் கொண்டுவருவது அது. ஒவ்வொரு மரத்துக்கும் ஒவ்வொரு ருசி. எங்கள் வளவின் வடக்கு மூலையில் நின்ற ஒரு பனையின் கள்ளு மெல்லிய கசப்போடு இறங்கும். அதைக் கேட்டே மூன்று மைல் தூரம் சைக்கிளில் வருகிற ஒரு வாத்தியார் இருந்தார்.

இரண்டாவது அடையாளம் பிளா. பனையோலையை மடித்துக் கோலிக் கட்டினால் படகு மாதிரி ஒரு பாத்திரம் கிடைக்கும். இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிக்க வேண்டும். பச்சை ஓலையின் வாசம் கள்ளோடு சேர்ந்து வரும். அதைக் கீழே வைக்க முடியாது, வைத்தால் கவிழ்ந்துவிடும். ஆகவே பிளாவில் குடிக்கிறவன் குடித்து முடிக்கும் வரை வேறொன்றும் செய்ய முடியாது. கைத்தொலைபேசியும் பார்க்க முடியாது. இப்போது பெரும்பாலான இடங்களில் பிளாஸ்ரிக் சாடியும் கோப்பையும் வந்துவிட்டன. பிளா கோலத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று காரணம் சொல்கிறார்கள். உண்மைதான்.

மற்றவையெல்லாம் உபரி. வெளியில் நிழல் வேண்டும். குந்தியிருக்க மணலோ ஒரு பனங்குற்றியோ வேண்டும். வாசலில் கடலை, வடை, கணவாய்ப் பொரியல் விற்கும் ஒரு ஆச்சி வேண்டும். கள்ளை வடிகட்ட நைலோன் வலைக்குப் பதிலாகப் பன்னாடை இருந்தால் இன்னும் நல்லது. குளவி விழத்தான் செய்யும், ஊதிவிட்டுக் குடிக்க வேண்டும்.

தவறணை என்ற சொல்லே எங்களுடையதில்லை. போர்த்துக்கேயரின் 'தவெர்னா' என்ற சொல் இங்கே வந்து தமிழானது. வெள்ளைக்காரர் 1912இல் மதுவரிக் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். பனையும் எங்களுடையது, ஏறுகிறவனும் எங்களுடையவன், ஆனால் அனுமதி மட்டும் அரசினுடையது. மரத்துக்கு வரி கட்டிச் சீவுகிற முறையும் யாழ்ப்பாணத்தில் இருந்தது. வரி கட்டியவர் தன் கொட்டிலிலேயே விற்பார்.

அந்தக் கொட்டில் காலத்தைப் பற்றிப் பேசும்போது பலர் கண்கலங்குவார்கள். பனங்கூடல், நிலவு, பிளா, கூழ் என்று எழுதுவார்கள். ஐயா அப்படிப் பேசியதில்லை. சீவல் என்பது விரும்பி எடுத்த தொழிலல்ல, சாதி சுமத்திய தொழில். ஐயா சின்னப்பிள்ளையாக இருந்தபோது பின்னேரங்களில் ஊர்ப் பெரியவர்கள் எங்கள் அப்புவின் கொட்டிலுக்கு வருவார்களாம். அவர்களுக்கென்று ஒரு வாங்கில் துடைத்து வைத்திருக்கும். அப்பு நிலத்தில் நின்று, அவர்களின் பிளாவில் கையால் ஊற்றுவார். அந்தக் கையிலிருந்து கள்ளு வாங்கலாம், தண்ணீர் வாங்க முடியாது. அவர்களுடைய கிணற்றில் நாங்கள் அள்ள முடியாது. அவர்களுடைய தேத்தண்ணிக் கடையில் எங்களுக்குப் போத்தல் வேறு, இருக்கிற இடம் வேறு. கள்ளுக்கு மட்டும் தீட்டு இல்லை. "உந்தப் பிளா ஏன் நல்லதெண்டு தெரியுமோ? குடிச்சிட்டு எறியலாம். ஆர்ர வாய் பட்டதெண்டு கழுவத் தேவையில்லை" என்று ஐயா ஒருநாள் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதற்குப் பிறகு பிளாவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வசனமும் சேர்ந்தே வரும்.

தீண்டாமைக்கு எதிரான சட்டம் 1957இல் வந்தது. சட்டம் வந்ததால் கிணறு திறக்கவில்லை. 1966 ஒக்ரோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போன ஊர்வலத்தில் ஐயாவும் போனார், அப்போது அவருக்கு இருபது வயது. அதற்குப் பின்னர் தேநீர்க்கடைகளும் கோயில்களும் ஒவ்வொன்றாகப் போராட்டத்தால் திறக்கப்பட்டன. எழுபதுகளின் தொடக்கத்தில் சீவல் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. இன்று நாங்கள் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கம் என்று சொல்வது அதைத்தான். தொழிலாளி கள்ளைச் சங்கத்துக்குக் கொடுப்பார், சங்கம் அளந்து எடுத்துத் தவறணையில் விற்கும், காசு கணக்கில் ஏறும். ஐயாவுக்கு அதில் பிடித்தது காசுக்கணக்கு மட்டுமல்ல. குடிக்க விரும்புகிறவர் யாராக இருந்தாலும் இனித் தவறணைக்கு வர வேண்டும். அங்கே வாங்கில் இல்லை. எல்லோருக்கும் ஒரே மணல். சீவி முடித்துக் குளித்துவிட்டு அவரும் போய் அதே மணலில் இருந்து, காசு கொடுத்து, தான் இறக்கிய கள்ளைத் தானே வாங்கிக் குடிப்பார். "முதல் நாள் ரெண்டு பேர் எழும்பிப் போனவை. அடுத்த கிழமை திரும்பி வந்திட்டினம். வேற எங்க போறது?"

நல்ல தவறணைக்கு என்னுடைய மூன்றாவது அடையாளம் இதுதான்: சீவினவர் அங்கே இருந்து குடிக்கிறாரா, பின்வாசலால் கொடுத்துவிட்டுப் போகிறாரா என்று பார்க்க வேண்டும்.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது மண்ணெண்ணெய் இல்லை, சவர்க்காரம் இல்லை, பற்றரி இல்லை. கள்ளு இருந்தது. வெளியிலிருந்து எதுவும் வராத ஊரில் பனை மட்டும் தன் பாட்டில் சுரந்துகொண்டிருந்தது. பொம்பர் வந்தால் தவறணையில் இருந்தவர்கள் பக்கத்துப் பங்கருக்குள் இறங்கிவிட்டு, போனதும் ஏறி வந்து மிச்சத்தைக் குடித்தார்கள். அந்தப் பங்கர்களின் கூரையும் பனங்குற்றிதான். சண்டை பிடித்த எல்லாத் தரப்பும் பனையைத் தறித்தது, சனமும் தறித்தது. உயிரைக் காக்க வேறு மரம் இருக்கவில்லை.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழும்பி நடந்தபோது ஐயா பாளைக்கத்தியையும் கத்திக்கூட்டையும் எடுத்துக்கொண்டார். அம்மா அரிசியையும் எங்களுடைய பிறப்புச் சான்றிதழ்களையும் எடுத்தா. கிளாலிக் கடலைத் தாண்டி வன்னிக்குப் போன பிறகு அந்தக் கத்திதான் எங்களுக்குச் சோறு போட்டது. புதுக்குடியிருப்புப் பக்கம் ஐயா தென்னை சீவினார். அங்கே இருந்த கள்ளுக் கொட்டிலில் தீவார், வடமராட்சியார், திருகோணமலையிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் என்று எல்லோரும் இருந்தார்கள். யார் எந்தச் சாதி என்று கண்டுபிடிக்க ஊர்ப் பெயரைத்தான் முதலில் கேட்பார்கள். ஐயா ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு ஊரைச் சொல்வார்.

2009க்குப் பிறகு செட்டிகுளம் முகாம். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. 2010இல் ஊருக்கு வந்தபோதும் எங்கள் வளவுக்குள் போக முடியவில்லை, அது உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. பல வருடம் கழித்து விட்டார்கள். போய்ப் பார்த்தால் வீடு இல்லை, கிணறு தூர்ந்திருந்தது. நாற்பது பனை நின்ற இடத்தில் ஆறு நின்றன. அதிலும் இரண்டுக்குத் தலை இல்லை. ஐயா அந்த இரண்டையும் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வந்துவிட்டார். வடக்கு மூலைப் பனை அடியோடு இல்லை.

பனைக்குக் குருத்து ஒன்றுதான். மாமரத்தை வெட்டினால் பக்கத்தால் துளிர்க்கும். பனையின் தலை ஷெல்லில் போனால் மரம் செத்துவிடும், வெறும் தண்டு பல வருடம் நின்றுகொண்டிருக்கும். புதிதாக விதை போட்டால் பாளை தள்ளப் பதினைந்து இருபது வருடம் எடுக்கும். சண்டை முடிந்த வருடம் யாராவது ஊன்றிய பனை இப்போதுதான் சீவுகிற வயதுக்கு வருகிறது. முகமாலைப் பக்கம் மரம் இருந்தும் வருடக்கணக்காகக் கிட்டப் போக முடியவில்லை, கீழே மிதிவெடி. மரம் இருந்து, நிலமும் துப்புரவாக இருந்தாலும் ஏறக் கால் வேண்டும். ஐயாவோடு சீவிய இருவருக்கு ஒவ்வொரு கால் இல்லை.

இதற்கிடையில் நகரத்தில் பார்கள் பெருகின. கண்ணாடிக்குக் கறுப்பு ஒட்டி, உள்ளே குளிரூட்டி, பகலும் இரவாக இருக்கிற இடங்கள். 2024இன் கடைசியில் புதிய மதுபான அனுமதிப்பத்திரங்களின் பட்டியல் பாராளுமன்றத்தில் வெளியானபோது கிளிநொச்சியின் பெயர் எல்லோர் வாயிலும் அடிபட்டது. போர் தின்ற ஒரு மாவட்டத்துக்கு எது அவசரமாகத் தேவைப்பட்டது என்று பாருங்கள்.

நான் மதுவுக்காக வாதாட வரவில்லை. அம்மா உயிரோடு இருக்கும்போது அப்படி எழுதவும் முடியாது. ஐயா தவறணையால் திரும்பி வருகிற நேரத்தை அவரின் செருப்புச் சத்தத்தில் அம்மா அளப்பா. சத்தம் ஒழுங்காக இருந்தால் சோறு போடுவா, இழுபட்டால் எங்களைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவா. கள்ளு 5 சதவீதம்தான் என்று நான் ஒருதரம் அம்மாவுக்கு விளக்கப் போனேன். "நாலு போத்தல் குடிச்சா எத்தினை சதவீதம்?" என்று கேட்டா. பதில் இல்லை. மச்சான் சொல்கிற பப்பின் பின்வளவில் பெண்கள் இருக்கிறார்கள். எங்கள் தவறணையில் பெண் என்றால் வாசலில் கடலை விற்கிற ஆச்சி மட்டும்தான். எல்லோருக்கும் ஒரே மணல் என்று மேலே எழுதினேனே, அந்த எல்லோரில் பாதிப்பேர் இல்லை.

அப்படியிருந்தும் குடிக்கத்தான் போகிறார்கள் என்றால், இருட்டறையைவிட வெளி நல்லது என்று நினைக்கிறேன். தவறணையில் யார் எவ்வளவு குடிக்கிறார் என்று ஊர் பார்க்கும். கூடிவிட்டால் முகாமையாளர், "போதும், வீட்ட போ" என்று சொல்லுவார். அவருக்கு அந்த ஆளின் தகப்பனையும் தெரியும். கள்ளு முடிந்தால் முடிந்ததுதான், அலுமாரியில் அடுத்த போத்தல் இல்லை. கொடுக்கிற காசும் ஊரில்தான் நிற்கிறது.

ஆனால் ஏற ஆள் இல்லை. எங்கள் பகுதியில் இப்போது சீவுகிறவர்களில் பெரும்பாலானோர் ஐம்பதைத் தாண்டியவர்கள். விழுந்தால் முதுகெலும்பு போய்விடும், அதற்குப் பிறகு வீடு முழுவதும் படுக்கைக்குக் காவல். பிள்ளைகள் படித்து வேலைக்குப் போகிறார்கள், கட்டாருக்குப் போகிறார்கள். ஊரில் சிலர், "இப்பத்தப் பெடியள் மரமேறுறாங்கள் இல்லை" என்று கவலைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். அவர்களுடைய பெடியளில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று கேட்க வாய் வரும். நான் ஏறாதது ஐயாவின் வெற்றி. அவரின் கள்ளை இனி எங்கும் குடிக்க முடியாதது என் நட்டம். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் நான் தவறணைக்குப் போகிறேன்.

ஐயா 2019 மாசியில் போனார். எட்டுச் செலவுப் படையலுக்கு அம்மா பட்டியல் சொன்னா: மீன், இறைச்சி, வெத்திலை, சுருட்டு. கடைசியில், "கள்ளும் எடுத்துக்கொண்டு வா. கிளாசில வேண்டாம், பிளாவில வை" என்றா. வாழ்நாள் முழுக்கக் கள்ளோடு சண்டை பிடித்த மனிசி.

தவறணைக்குப் போனேன். பனங்கள் இருந்தது, அன்று காலை ஆறரைக்கு இறக்கியது. பிளா இல்லை. அங்கே இருந்த நாலைந்து பேரிடம் கேட்டேன், ஒருவருக்கும் கோலத் தெரியாது. முகாமையாளர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மூலையில் தனியாக இருந்த ஒரு வயது போனவரைக் கூட்டிவந்தார். ஐயாவோடு சீவியவர்களில் ஒருவர், மரக்கால் போட்டவர். ஓலை கேட்டார். பக்கத்து வடலியில் வெட்டிக் கொடுத்தோம். மடித்து, கோலி, கட்டி, வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து ஒழுக்கு இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு அதைப் பக்கத்தில் வைத்துவிட்டு, இரண்டாவது ஓலையை எடுத்தார்.

"ஒண்டு கொப்பருக்கு" என்றார். "மற்றது உனக்கு. இரு."